ஜீப்புக்குப் பெரிய ஸ்பானர்: கொள்முதலுக்கு முன் கொஞ்சம் யோசனை

வாசலில் ‘மளிகை’ என்று போர்டு தொங்கும். உள்ளே போய்ப் பார்த்தால் பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஆணி டப்பா, தேங்காய்க் கயிறு, மண்வெட்டி, இரும்பு வாளி, சைக்கிள் டியூப் எல்லாம் இருக்கும். சாத்தான்குளம் வட்டாரத்துக் கிராமக் கடைகளின் லட்சணமே இதுதான். ஒரு நட்டு வாங்குவதற்காகத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏற யாருக்கும் நேரமில்லை. வாடிக்கையாளர் கேட்கக் கேட்க நாமும் ஒவ்வொன்றாக வாங்கி வைக்கிறோம். அப்படித்தான் பல கடைகளில் ஸ்பானரும் வந்து சேர்ந்தது.

சின்ன ஸ்பானர் விற்பதில் சிரமம் இல்லை. பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று நம்பர் சொல்லிக் கேட்பார்கள். எடுத்துக் கொடுத்தால் போதும். தொல்லை தருவது 24 மி.மீ.க்கு மேற்பட்ட பெரிய ஸ்பானர்தான். விலை கூடுதல், எடை கூடுதல், விற்பனை குறைவு. தவறான அளவை வாங்கி வைத்தால் போட்ட பணம் வருஷக்கணக்கில் சுவரில் தொங்கும். தவறான சாமானை விற்றாலோ, அதைவிடப் பெரிய நஷ்டம் உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2009ஆம் வருஷம் வைகாசி மாதம். பதநீர் சீசன் நடந்துகொண்டிருந்தது. தேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து உடன்குடிக்குக் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிப்போகிற வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்தார். அவரிடம் இருந்தது ரொம்பப் பழைய மஹிந்திரா ஜீப். செம்மணலில் டயர் புதைந்தால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் அந்தப் பக்கம் காரியம் ஆகாது.

“அண்ணாச்சி, முன் வீலு ஆடுது. ஹப்பைக் கழட்டணும். பெரிய ஸ்பானர் ஒண்ணு தாங்க.”

“என்ன சைஸ், தம்பி?”

“சைஸ் யாருக்குத் தெரியும்? இருக்கதுலயே பெருசாக் குடுங்க.”

என்னிடம் 18 அங்குல ஸ்குரு ஸ்பானர் ஒன்று இருந்தது. கம்பெனிப் பெயர் கிடையாது. ஏஜெண்ட் ஒருவர் கூடுதல் கழிவு தருகிறேன் என்று தள்ளிவிட்டுப் போன சரக்கு. அதை எடுத்துக் கொடுத்தேன். பாதிப் பணம் ரொக்கம், மீதி பற்று.

ஹப் நட்டு உள்ளே பதிந்து இருக்கும். ஸ்குரு ஸ்பானரின் வாய் நட்டின் விளிம்பை மட்டும்தான் கவ்வியது. அவர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி முழுப் பலத்தோடு அழுத்தியிருக்கிறார். ஸ்பானரின் திருகுப் பல் தேய்ந்து வாய் விரிந்துவிட்டது. கை நேராக ஸ்பிரிங் பட்டையில் போய் மோதி, இரண்டு விரல் எலும்பு முறிந்தது. சீசனில் ஒன்றரை மாதம் வண்டி ஓட்ட முடியவில்லை.

கட்டுப்போட்ட கையோடு ஒரு நாள் வந்து, ஸ்பானருக்கான பாக்கியைக் கல்லாவில் வைத்தார். வேண்டாம் என்றேன். “பெருசாக் குடுங்கன்னு நான்தானே கேட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். பருப்பில் கல் கிடந்தால் பையோடு திருப்பிக் கொண்டுவருகிறவர்தான் அவர். ஸ்பானரைப் பற்றிக் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு மெக்கானிக்குகளிடமும் மொத்த வியாபாரிகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் வணிக நண்பர்களுக்கு எழுதுகிறேன்.

நம்பர் எதைக் குறிக்கிறது?

ஸ்பானரில் அடித்திருக்கும் நம்பர் போல்ட்டின் பருமன் அல்ல. நட்டின் ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து நேர் எதிர்த் தட்டைப் பக்கம் வரை உள்ள அகலம். “இருபது எம்.எம். போல்ட்டுக்கு ஸ்பானர்” என்று ஒருவர் கேட்டால் 20ஆம் நம்பரைக் கொடுத்துவிடக் கூடாது. வழக்கமான 20 மி.மீ. போல்ட்டின் நட்டுக்கு 30 மி.மீ. ஸ்பானர் வேண்டும். 16 மி.மீ. போல்ட்டுக்கு 24, 24 மி.மீ. போல்ட்டுக்கு 36. கடையில் ஒரு வெர்னியர் அளவுகோல் வைத்துக்கொண்டு, நட்டையே கொண்டுவரச் சொல்லி அளந்து கொடுப்பது உத்தமம். நட்டு கழலவில்லை, அதனால்தானே ஸ்பானர் கேட்கிறேன் என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் வெர்னியரைக் கொடுத்தனுப்புங்கள், அல்லது ஒரு அட்டையை நட்டின் மேல் வைத்து அழுத்தி அச்சு எடுத்துவரச் சொல்லுங்கள்.

ஜீப் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மஹிந்திரா நிறுவனம் 1945இல் இரும்பு வியாபாரமாகத் தொடங்கியது; நம்மைப் போல வாங்கி விற்றவர்கள்தான். 1947இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பொருத்தி விற்க ஆரம்பித்தார்கள். அந்த வண்டி முழுக்க முழுக்க அங்குலக் கணக்கு. பிறகு பிரெஞ்சு பெஜோ டிசைன் டீசல் இன்ஜின் ஏறியது, அது மெட்ரிக். ஆக, ஒரே வண்டியில் இன்ஜின் பக்கம் மி.மீ. ஸ்பானரும், சக்கரம், ஆக்சில் பக்கம் அங்குல ஸ்பானரும் தேவைப்படுகிற நிலைமை.

நம் கடைகளுக்கு இது புதிது அல்ல. 1956ஆம் வருஷத்து எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு கிலோ வந்தது. ஆனாலும் வீசைக் கணக்கில் கேட்ட கிழவிகளுக்கு ஒன்று நானூறு என்று மனசுக்குள் மாற்றி எங்கள் தகப்பனார் வெகுகாலம் நிறுத்துக் கொடுத்தார். பருப்பில் பத்து கிராம் முன்னே பின்னே போனால் குடி முழுகிவிடாது. ஸ்பானரில் அரை மில்லிமீட்டர் போனால் நட்டின் மூலை வழுக்கிவிடும்.

எது எதற்குப் பொருந்தும் என்பதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். முக்கால் அங்குலமும் 19 மி.மீ.யும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். முக்கால் அங்குலம் என்பது 19.05. அதேபோல 1 1/16 அங்குலமும் 27 மி.மீ.யும் அநேகமாக ஒன்றே. ஒன்றேகால் அங்குல நட்டுக்கு 32ஐப் போடலாம், கால் மில்லிமீட்டர்தான் இளக்கம். ஆனால் அரை அங்குல நட்டுக்கு 13ஐக் கொடுக்கக் கூடாது, 12.7க்கு 13 என்பது பழைய நட்டில் வழுக்கும். 9/16க்கு 14 உள்ளே போகாது, 15 ஆடும். ஒரு அங்குலத்துக்கு 25 ஏறாது, 26 தளர்வு. 1 1/8 அங்குலம் 28.6 மி.மீ.; அதற்கு 28ஐ ராவி ராவிப் பெரிதாக்குகிற பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்பானர் பிறகு எதற்கும் உதவாது.

பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களோடு வந்த விட்வொர்த் ஸ்பானர்களும் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. அவற்றின் மேல் இருப்பது போல்ட்டின் பருமன். விட்வொர்த் அரை அங்குல ஸ்பானரின் வாய் 23 மி.மீ.க்கும் மேல். ‘இதே சைஸ் கொடுங்கள்’ என்று ஒருவர் அதைக் காட்டினால் எழுத்தைப் பார்க்காமல் வாயை அளந்து பாருங்கள்.

அந்த ஹப் நட்டு

வில்லிஸ் வழியில் வந்த பழைய ஜீப்புகளின் முன் சக்கர ஹப் நட்டு 2 1/8 அங்குலம். மி.மீ. கணக்கில் 54. உள்ளே ஒரு நட்டு, வெளியே ஒரு நட்டு, நடுவில் ஒரு பூட்டுத் தகடு. உள் நட்டுதான் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. சக்கரம் சுற்றாமல் பிடிக்கும்வரை அதை இறுக்கி, பிறகு சுமார் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, தகட்டை மடக்கிப் பூட்டுவது முறை. இந்த ஆறில் ஒரு சுற்றை உளியையும் சுத்தியலையும் வைத்து யாராலும் சரியாகச் செய்ய முடியாது. ஆனால் ரொம்பப் பட்டறைகளில் உளிதான் வேலை செய்கிறது. நட்டின் மூலை சிதைவதோடு, சிதறும் இரும்புத் துகள் கிரீஸோடு பேரிங்குக்குள் போகிறது. தேரி மணலோ மாவு மாதிரி நைசானது. ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்தால் போதும், ஹப்புக்குள் இறங்கிவிடும். சமவெளியில் ஓடும் வண்டியைவிட இங்கே ஓடும் வண்டிக்கு ஹப்பை அடிக்கடி திறந்து கழுவிக் கிரீஸ் வைக்க வேண்டியிருக்கிறது.

நட்டு ஆழத்தில் இருப்பதால் திறந்த வாய் ஸ்பானர் எட்டாது. குழாய் வடிவ பாக்ஸ் ஸ்பானர்தான் வேண்டும். குழாயின் ஒரு முனை அறுகோணமாக இருக்கும்; மறு முனையில் குறுக்கே ஓட்டை போட்டு ஒரு கம்பியைச் செருகித் திருப்புவார்கள். இதைத்தான் நான் அன்று கொடுத்திருக்க வேண்டும். அது என்னிடம் இல்லை, அது வேண்டும் என்று எனக்குத் தெரியவும் இல்லை. இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாலே போதும்.

சக்கர நட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை. வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். இது தெரியாமல் இழுத்துவிட்டு, ‘நீங்கள் கொடுத்த வீல் ஸ்பானர் வளைந்துவிட்டது’ என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. பழைய ஜீப்புக்கு வீல் ஸ்பானர் விற்கும்போது, இடது பக்கம் என்ன மரை என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவது நல்லது.

எந்த வகை?

திறந்த வாய் ஸ்பானர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கிறது. ரிங் ஸ்பானர் நட்டைச் சுற்றிலும் பிடிக்கிறது. பெரிய நட்டு என்றால் துருவும் இறுக்கமும் அதிகம் இருக்கும். ஆகவே 24க்கு மேல் கேட்பவரிடம் முதலில் ரிங் ஸ்பானரை எடுத்துக் காட்டுங்கள். ரிங் நுழைய இடமில்லாத வேலை என்றால் மட்டும் திறந்த வாய். சாக்கெட்டாக வாங்குகிறவரிடம் கைப்பிடியின் சதுர முனை அரை அங்குலமா, முக்கால் அங்குலமா என்று கேளுங்கள். பெரிய சாக்கெட்டை அரை அங்குலப் பிடியில் அடாப்டர் போட்டு மாட்டிக் குழாயும் செருகினால் முதலில் முறிவது அந்த அடாப்டர். மூலை மழுங்கிய பழைய நட்டுக்குப் பன்னிரண்டு மூலை சாக்கெட்டைவிட ஆறு மூலை சாக்கெட் நன்றாகப் பிடிக்கும்.

ஸ்குரு ஸ்பானரை நான் அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்வீடன் நாட்டு யோஹான்சன் 1892இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குழாய் வேலைக்கும் அவசரத்துக்கும் அருமையான சாமான். ஆனால் இழுக்கும் பலம் அசையாத தாடையில் விழுகிற மாதிரி பிடிக்க வேண்டும், திருப்பிப் பிடித்தால் அசையும் தாடை கழன்று கொடுக்கும். இறுகிக் கிடக்கும் பெரிய நட்டை முதன்முதலில் அசைக்க அதைக் கொடுக்கக் கூடாது. இப்போது என் கடையில் 12 அங்குலத்துக்கு மேல் ஸ்குரு ஸ்பானர் கிடையாது.

பிடியில் குழாய் செருகுவதை நாம் தடுக்க முடியாது. ஊர் முழுக்கச் செய்கிறார்கள். ஒரு அடி நீளப் பிடியில் இருபது கிலோ அழுத்தம் கொடுத்தால் நட்டில் ஏறும் முறுக்கு, இரண்டடிப் பிடியில் பத்துக் கிலோவிலேயே கிடைத்துவிடுகிறது. இருபது கிலோ கொடுத்தால் முறுக்கு இரட்டிப்பு. அந்த இரட்டிப்பைத் தாங்கும்படி ஸ்பானர் செய்யப்படவில்லை. கேட்கிறவரிடம் நான் சொல்வது: முதல் நாள் ராத்திரி நட்டில் மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ ஊற்றி வையுங்கள், காலையில் பாதிப் பலத்தில் வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கைக் கருவித் தொழிலில் ஜலந்தர், லூதியானா ஊர்கள் பெயர் பெற்றவை. நாசிக்கில் தபாரியா நிறுவனம் ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு வளர்ந்தது. பம்பாய் நாக்தேவித் தெருவிலும் சென்னை பாரிமுனையிலும் எல்லாத் தரமும் கிடைக்கும், பேரற்ற சரக்கும் சேர்த்து.

தட்டிப் பார்த்து ஓசை கேட்டால் தரம் தெரியும் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். தேங்காய்க்கு அது சரி. ஸ்பானரில் எனக்கு அது பிடிபடவில்லை. அரத்தால் தாடையின் உட்பக்க ஓரத்தில் லேசாக இழுத்துப் பார்ப்பது மேல். நன்றாகச் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். மெத்தென்ற இரும்பில் கடித்துப் பிடிக்கும். சாம்பிள் ஒன்றில் மட்டும் இதைச் செய்யுங்கள், முலாம் கெட்டுவிடும். ‘குரோம் வனேடியம்’ என்று எழுத்து இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்து அடிக்க எவராலும் முடியும். இரண்டு தாடையும் இணையாக இருக்கின்றனவா, அளவு தெரிந்த புது நட்டில் போட்டால் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். திறந்த வாய் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2029 என்று இந்தியத் தர நிர்ணயம் உண்டு. மொத்த வியாபாரியிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் எச்.எஸ்.என். 8204 என்று சரியாகப் போட்டிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். வேறு தலைப்பில் போட்டுத் தந்தால் பின்னால் கணக்கில் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேரற்ற சரக்கு விஷயத்தில் சட்டமும் மாறியிருக்கிறது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் பட்டால் நஷ்டஈடு கேட்க அதில் வழி உண்டு. தயாரிப்பாளர் யார் என்று தெரியாத பொருளாக இருந்தால் அந்தப் பொறுப்பு விற்றவர் மேலேயே வரும். பேரில்லாத ஸ்பானரை விற்கும் கடைக்காரர், அந்த ஸ்பானரைத் தயாரித்தவரின் இடத்தில் தாமே போய் நிற்கிறார் என்று அர்த்தம். கூடுதலாகக் கிடைக்கும் கழிவு இதற்கு ஈடாகுமா என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2009இல் இந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் என் வாடிக்கையாளர் வழக்குப் போட்டிருக்க மாட்டார். அது வேறு விஷயம்.

எத்தனை வைப்பது?

ஆசைப்பட்டு ஒரு முழு செட்டை வாங்கி மாட்டாதீர்கள். என் அனுபவத்தில் ரிங் ஸ்பானரில் 24-27, 30-32 இந்த இரண்டு ஜோடியும் நகரும். ஜீப்புக்கு மட்டுமல்ல, டிராக்டர், பம்ப்செட் வேலைக்கும் இவற்றைக் கேட்கிறார்கள். இரண்டிரண்டு வைத்தால் போதும். 36-41 ஒன்று. முக்கால் அங்குல வீல் ஸ்பானர் எப்போதும் கைவசம் இருக்கட்டும். 46-50 நான்கு வாங்கினேன். ஆறு வருஷத்தில் ஒன்றுதான் விற்றது.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதும், பெரிய இயந்திரமெல்லாம் வரும், பெரிய ஸ்பானர் நன்றாகப் போகும் என்று சில நண்பர்கள் கணக்குப் போட்டார்கள். பெரிய கான்டிராக்ட்காரர்கள் கருவிப் பெட்டியோடுதான் வருவார்கள். நம்மிடம் அவர்களுடைய ஆட்கள் வாங்குவது டீத்தூளும் சோப்பும் செருப்பும்தான். அதேபோல 2010க்குப் பிறகு வந்த தார் வண்டிகளை நம்பியும் சரக்குப் போட வேண்டாம். புது வண்டிக்காரர் ஹப்பைத் தாமே கழற்றுவதில்லை, சர்வீஸுக்கு விட்டுவிடுவார். நம் வாடிக்கை பழைய ஜீப்காரரும் கிராமத்து மெக்கானிக்கும்.

வைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். உப்பு மூட்டைக்கும் உரச் சாக்குக்கும் பக்கத்தில் ஸ்பானரை மாட்டாதீர்கள். நம் கடற்கரைக் காற்றே துருப்பிடிக்க வைக்கும். உப்பும் சேர்ந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. லேசாக எண்ணெய் தடவி வைக்கலாம். ஆனால் அரிசிச் சாக்குக்கு மேலே தொங்கவிட வேண்டாம், சொட்டு விழுந்தால் அரிசிக்காரர் வேறு திருப்பிக்கொண்டு வருவார்.

54 மி.மீ. பாக்ஸ் ஸ்பானரை விற்பனைக்கு வைப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு ஜீப்காரருக்கு அது வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேண்டும். அதற்காக அவ்வளவு பணம் போட மாட்டார், மறுபடி உளியைத்தான் எடுப்பார். ஆகவே நல்ல கனத்தில் ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், தேதி எழுதிக் கொடுக்கிறேன். வாடகை ஒரு டீ, வடைச் செலவுதான். ஆனால் அதை வாங்க வருகிறவர் கிரீஸ், ஆயில் சீல், மண்ணெண்ணெய், வேஸ்ட் துணி எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு போகிறார். அப்படியே வீட்டுக்கு அரைக் கிலோ சீனியும்.

விரல் முறிந்தவரின் பெயர் அந்த நோட்டில் அடிக்கடி வரும். சுண்டு விரல் இன்னும் முழுசாக மடங்காது. சாயங்காலம் செம்மண் அப்பிய ஸ்பானரைக் கொண்டுவந்து கல்லா மேல் வைப்பார். நான் முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பழைய பனியன் துணியால் அதைத் துடைத்து, எண்ணெய் தடவி ஆணியில் மாட்டுவேன்.